பெல்ட் மாற்றி வந்த டூ-இன்-ஒன்

பழைய டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி) ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் எண்பதுகளிலிருந்து ஒன்று ஓடுகிறது, சமீபத்தில்தான் ரிப்பேருக்குப் போய் வந்தது, அதனால் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். சித்தப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் செட், ஒற்றை டெக், மீடியம் வேவ், இரண்டு ஷார்ட் வேவ், பின்னால் 110/220 வோல்ட் மாற்றும் திருகு. வீட்டுக்கு வீடு இருந்த சாமான்தான்.

ரேடியோ இப்போது பெயருக்குத்தான். இரவு 9.15 தமிழோசைக்காக முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திய ஷார்ட் வேவில் இன்று கேட்க நமக்கு எதுவும் இல்லை, அந்த பிபிசி ஒலிபரப்பும் 2017-இல் நின்றுவிட்டது. மீடியம் வேவைத் திருப்பினால் வீட்டு எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும் சேர்ந்து இரைகின்றன. சரி, அதை விடுங்கள்.

என் வயிற்றெரிச்சல் பெல்ட் மேல். இந்த செட்களில் மோட்டாரிலிருந்து, நாடாவை ஓட்டும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கு ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட் போகும். வருஷம் ஆக ஆகத் தளரும், சிலது உருகிக் கறுப்புப் பிசினாகப் புல்லியில் ஒட்டிக்கொள்ளும், கையில் பட்டால் சோப்புக்குக்கூடப் போகாது. பிசினைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, புது பெல்ட் போட்டுத் தந்தார்கள் கடையில், அதுவரை குறை சொல்ல மாட்டேன். ஆனால் போட்டது கையில் கிடைத்த பெல்ட், பழையதைவிடத் தடிமன். பெல்ட் தடித்தால் மோட்டாரின் சின்னப் புல்லி பெரிதானதுபோல ஆகிவிடும், ஃப்ளைவீல் வேகமாகச் சுற்றும். கேசட் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும், 1963-இல் பிலிப்ஸ் கேசட்டை வெளியிட்ட நாளிலிருந்து அதுதான் கணக்கு. ஆறு சதவீதம் கூடினால் பாட்டு அரைக் கட்டை ஏறிவிடும். என் செட்டில் ஏறக்குறைய அவ்வளவு ஏறியிருந்தது. எஸ்.பி.பி. குரல் பள்ளிக்கூடப் பையன் குரல்போல வருகிறது என்று கடையில் சொன்னால், "அதான் ஓடுதே சார்" என்று பதில். ஓடுவது மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் கேசட் செட்டைத் தொடக் கூடாது, இதை நான் கோபத்தோடேயே சொல்கிறேன்.

பாட்டு மட்டும் என்றால்கூட விட்டிருப்பேன். பாட்டுக்கு இன்று போன் போதும், ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக்கொடுத்துப் பதிந்து வாங்கிய 60 நிமிஷ, 90 நிமிஷக் கேசட்டுகள் (பக்கம் முடியும் இடத்தில் பாதியில் அறுந்த சரணங்களோடு) பிரியமானவைதான், ஆனாலும் அந்தப் பாட்டுகள் வேறு இடத்திலும் கிடைக்கும். கிடைக்காதது அப்பத்தா பேசிய கேசட். அன்றைக்கு ஐ.எஸ்.டி. போட்டு மனசு நிறையப் பேச எங்களுக்குக் கட்டுபடியாகாது, அதனால் சித்தப்பாவுக்குக் கடிதத்தோடு கேசட்டில் பேசியும் அனுப்புவோம், ஊருக்கு வந்து திரும்புகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுவோம். செட்டைத் திண்ணையில் வைத்து, ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்தி, முன்னால் இருக்கும் சின்ன மைக்கைப் பார்த்து வரிசையாகப் பேச வேண்டும். அப்பத்தா மாடு கன்று போட்டதில் ஆரம்பித்து, கிணற்றில் எத்தனை படிக்குத் தண்ணீர் நிற்கிறது என்பது வரை சொல்லும், நடுவில் கோழியை விரட்டும். அங்கிருந்து பதில் பெரும்பாலும் அதே கேசட்டில், மேலேயே பதிந்து வரும். அப்படி அழிந்த பேச்சுகள்தான் அதிகம். கேசட்டின் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் நாக்கை (அது உடைந்தால் மேலே பதிய முடியாது) யாரோ உடைத்து வைத்ததால் மிஞ்சியவை கொஞ்சம்.

அந்தக் கேசட்டை முன்பு ஒருமுறை நல்ல விலையுள்ள டெக் வைத்திருப்பவரிடம் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். இரைச்சல் குறைவு, ஆனால் குரல் மந்தமாக, கொஞ்சம் வேகமாக வந்தது. அம்மா கேட்டுவிட்டு, இது யார் என்றார்கள். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. எங்கள் செட்டின் ஹெட் (நாடாவில் உரசிப் பதியும், படிக்கும் முனை) லேசாகச் சாய்ந்திருக்கிறது, வேகமும் இம்மி குறைவு. பதிந்ததும் அதே சாய்வில், அதே வேகத்தில். அதே செட்டில் மறுபடி ஓடவிடும்போது இரண்டு கோணலும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ள, அப்பத்தா அப்பத்தாவாகவே பேசுகிறது. அளவு பிசகாத டெக்கில் அது வராது. ஒரு வீட்டுக் கேசட்டுக்கு அதைப் பதிந்த செட்தான் சரியான செட். இத்தனை வருஷத்தில் இந்தப் பெட்டி எனக்குத் தந்த பெரிய சந்தோஷம் இதுதான். தடி பெல்ட் பறிக்கப் பார்த்ததும் இதைத்தான்.

கடைசியில் நாங்களே உட்கார்ந்தோம். மோட்டாரின் பின்னால் சின்னத் துளை, உள்ளே வேகம் திருத்தும் திருகு. முதலில் கம்பெனியே பாட்டுப் பதிந்து விற்ற கேசட் ஒன்றைப் போட்டு, போனில் அதே பாட்டை ஓடவிட்டு, சுருதியை ஒட்டிக் கொண்டுவந்தேன். பிறகு அப்பத்தா கேசட்டைப் போட்டு அம்மாவைக் கேட்கச் சொல்லி, அங்கிருந்து இன்னும் கொஞ்சம் குறைத்தேன். இன்னும் கொஞ்சம், இல்லை அவ்வளவு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள் ஓரிடத்தில் "இந்தா, கெழவி வந்துருச்சு" என்றார்கள். திருகில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து இறுக்கிவிட்டேன்.

இவ்வளவு பிரியமாகச் சொல்லிவிட்டு என்ன பதில் என்றால், வாங்காதீர்கள். வேறு வீட்டு செட் உங்கள் வீட்டுக் கேசட்டுக்கு உதவாது. கட்டாயம் பெல்ட் கேட்கும், பெல்ட் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. புதிதாக வரும் கேசட் பிளேயர்களையும் நம்ப வேண்டாம், பெரும்பாலானவற்றில் ஒரே மாதிரியான மலிவு மெக்கானிசம், குரல் அலையடிக்கிறது. அந்தக் காசில் உங்கள் பரணில் கிடக்கும் செட்டை இறக்கிச் சரிபண்ணுங்கள், அதில் பதிந்ததை அதிலேயே ஓடவிட்டுப் போனில் ஏற்றிவிடுங்கள், நாடா பூஞ்சை பிடிப்பதற்குள். இன்றைய மனநிலையில் என் செட்டுக்கு ஐந்துக்கு இரண்டு. பழைய தடிமனிலேயே பெல்ட் கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இன்னொன்று வாங்கி வைக்க வேண்டும்.