சால்ஸ்பரியா, வின்செஸ்டரா? ஈர மண்மேல் நிற்கும் இரண்டு பேராலயங்கள்

லண்டனில் இருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்புகிற மாதிரி ஒரு பழைய பேராலய நகரம் வேண்டும் என்றால், பலரும் கேன்டர்பரியைத்தான் சொல்வார்கள். 1170இல் பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்ட இடம். யாத்ரீகர்கள் ஏறி ஏறித் தேய்ந்த படிகளை இன்றும் பார்க்கலாம். ஆனால் அங்கே கூட்டம் எனக்கு ஒத்துவராது. அதனால் அதை விட்டுவிடுகிறேன். என் போட்டி சால்ஸ்பரிக்கும் வின்செஸ்டருக்கும்தான். இரண்டுக்கும் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏற வேண்டும். வின்செஸ்டருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், சால்ஸ்பரிக்கு ஒன்றரை.

வெளியில் நின்று பார்த்தால் சால்ஸ்பரிக்கு நிகரே இல்லை. அதன் கூர்கோபுரம் 123 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயரமான தேவாலயக் கோபுரம் கிடையாது. ஆலயத்தின் பெரும்பகுதியை 1220இல் தொடங்கி 1258க்குள் கட்டி முடித்துவிட்டார்கள். அதனால் எங்கே திரும்பினாலும் ஒரே கை வேலை போல இருக்கும். கோபுரம் பிறகு வந்தது. அதனால் கூடிய பாரம் சுமார் 6,500 டன். கீழே அஸ்திவாரமோ ஏறத்தாழ நான்கே அடி! வீட்டு மதில் சுவருக்கே சிலர் அவ்வளவு தோண்டுவார்கள். அடியில் இருக்கும் கெட்டியான சரளைப் படிவம்தான் காப்பாற்றி வருகிறது. தரையில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதைத் திறந்து கோலை விட்டு நீர்மட்டம் பார்ப்பார்கள், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பது போல. நடுக்கூடத்துப் பெரிய தூண் ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கல் தூண், பாரம் தாங்காமல் வளைந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். எனக்கு அந்த இடத்தில் அதிக நேரம் நிற்க மனம் வரவில்லை.

அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டி 1215இல் எழுதப்பட்ட சாசனமான மேக்னா கார்ட்டாவில் இன்று மிஞ்சியிருப்பது நான்கு பிரதிகள். அதில் ஒன்று இங்கே. நுணுக்கி நுணுக்கி எழுதிய லத்தீன், ஒரே ஒரு தோல் ஏடு. 1386 வாக்கில் செய்த இரும்புக் கடிகாரமும் உண்டு. முகப்பு, முள் எதுவும் கிடையாது. மணி அடிக்க மட்டுமே செய்தது. கால் வலிக்காதவர்கள் 332 படி ஏறிக் கோபுரத்தின் அடிவரை போகலாம். வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, வின்செஸ்டர். வெளியில் இருந்து பார்த்தால் ஏமாற்றம்தான். நீளமாகப் படுத்துக் கிடக்கும், கோபுரம் கட்டை. உள்ளே போனால்தான் விஷயம். 1079இல் தொடங்கிய கட்டடம். பக்கவாட்டுச் சிறகுகளில் முரட்டு நார்மன் வளைவுகள், நடுக்கூடத்தில் பிற்கால நளினம். மேற்குச் சன்னலை 1642இல், உள்நாட்டுப் போரில் அரசரை எதிர்த்த நாடாளுமன்றப் படை வீரர்கள் உடைத்து நொறுக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் கிடைத்த சில்லுகளை வைத்துக் கண்டபடி ஒட்டிவிட்டார்கள். ஒரு முகம், அரை இறக்கை, யாருடையதோ ஒரு கை. எனக்கு அது முழுச் சன்னலைவிடப் பிடித்துப்போயிற்று.

நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் கல்லறையும் இங்கே. 1817இல் பதித்த கல்லில் அவருடைய நற்குணம், பொறுமை, அறிவு எல்லாம் இருக்கிறது. கதை எழுதினார் என்று ஒரு வார்த்தை இல்லை. 1872இல்தான் பித்தளைத் தகடு வைத்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள்.

இங்கேயும் அடியில் ஈரம்தான், ஆனால் சரளையின் அதிர்ஷ்டம் இல்லை, புதைமண். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்கள் விரிசல் விட்டுச் சாயத் தொடங்கின. அஸ்திவாரத்தைச் சரிசெய்யக் குழி தோண்டினால் தண்ணீர் நிரம்பியது. இறைத்தால் கட்டடமே இறங்கிவிடும் என்ற பயம். கடைசியில் வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவரை அழைத்தார்கள். 1906 முதல் 1911 வரை, வெளிச்சம் எட்டாத கலங்கல் நீரில், கையால் தடவித் தடவி கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். அவருக்குச் சிலை வைத்தார்களே, அதுதான் வேடிக்கை. புகைப்படத்தில் ஆள் மாறி, பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸின் முகத்தைச் செய்துவிட்டார்கள். 2001இல்தான் வாக்கரின் முகம் வந்தது.

ஊர் சுற்றவும் வின்செஸ்டரே மேல். பழைய கோட்டையின் பெருமண்டபச் சுவரில், கதைகளில் வரும் ஆர்தர் அரசருடையது என்று சொல்லும் வட்ட மேசை தொங்குகிறது. உண்மையில் அது பதின்மூன்றாம் நூற்றாண்டு வேலை, வண்ணம் எட்டாம் ஹென்றி காலத்தது. ஆற்றோரப் புல்வெளி வழியாக ஒரு மைல் நடந்தால் செயின்ட் கிராஸ் தர்ம சத்திரம். கேட்கிற வழிப்போக்கருக்குத் துண்டு ரொட்டியும் கொஞ்சம் பீரும் இன்றும் கொடுக்கிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சையும் பார்த்தே தீர வேண்டும் என்றால் பேச்சே வேண்டாம், சால்ஸ்பரிதான். ரயில் நிலையத்திலேயே பேருந்து நிற்கும். மற்றபடி என் ஓட்டு வின்செஸ்டருக்கு. ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். பேசிங்ஸ்டோக்கில் இறங்கி ரயில் மாறுவதிலேயே மதியம் போய்விடும். இரண்டு ஆலயங்களிலும் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. மாலைப் பாட்டு வழிபாட்டுக்குக் கிடையாது.

முடிந்தால் வின்செஸ்டருக்கு மழைக்காலத்தில் போங்கள். நிலவறையில் தண்ணீர் ஏறிவிடும், உள்ளே இறங்க விட மாட்டார்கள். வாசல் மேடையில் நின்று எட்டிப் பார்த்தால், சிற்பி அந்தோணி கோர்ம்லி செய்த ஆளுயரச் சிலை ஒன்று தண்ணீரில் கால் நனைய நின்று, குவித்த தன் கைகளையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்.