இன்காக்களின் கல் சுவரா, புல் பாலமா?

தென் அமெரிக்காவில் பெரு பகுதியை ஒரு காலத்தில் ஆண்ட இன்காக்களின் சாதனை என்றதும் எல்லோரும் கல்லைத்தான் காட்டுவார்கள். அவர்களின் தலைநகரான குஸ்கோவுக்கு மேலே சக்சாய்வாமன் கோட்டைச் சுவரில் 100 டன்னைத் தாண்டும் பாறைகள் உண்டு. சாந்தே இல்லாமல் இடுக்கு தெரியாதபடி பொருந்தி நிற்கின்றன. அதுவும் இரும்புக் கருவி இல்லாத காலத்தில்!

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அபூரிமாக் ஆற்றின் மேல் தொங்கும் கெஸ்வாசாக்கா புல் பாலம். நீளம் சுமார் 28 மீட்டர். இச்சுப் புல்லை நனைத்து, தட்டி, கையாலேயே திரிக்கிறார்கள். அந்தச் சின்னக் கயிறுகளைச் சேர்த்து முறுக்கி, அப்புறம் பின்னி, ஆள் கனம் தாங்கும் தடித்த வடமாக்குகிறார்கள். கல் சுவர் ஒருமுறை கட்டினால் போதும். புல்லோ மழையிலும் வெயிலிலும் நைந்துவிடும். அதனால் ஆண்டுதோறும் ஜூனில் சுற்றுவட்டார ஊர்கள் கூடிப் புதிதாகக் கட்டுகின்றன. பாறைகளை நகர்த்திய விதத்தை நாம் ஊகிக்கத்தான் முடிகிறது. பாலம் கட்டுவதை இன்றும் நேரில் பார்க்கலாம். 2013இல் யுனெஸ்கோவும் அந்தக் கலையை மரபுப் பட்டியலில் சேர்த்தது.