போதைநோயாளரை மதிப்புடன் அணுகுதல்: செவிலியர் பயிற்சி பற்றிய மதிப்பீடு

மது, போதைப் பழக்கத்துக்கு ஆளானவர்களை மருத்துவமனைப் பணியாளர்கள் இழிவாக நடத்தும் போக்கைக் குறைப்பதற்காக எங்கள் மருத்துவமனையில் நடத்தப்பட்ட பயிற்சியில் நானும் கலந்துகொண்டேன். பிற மருத்துவமனைகளும் இதை நடத்த வேண்டும் என்று விரும்புவதால், நிறை குறைகளைப் பதிவு செய்கிறேன்.

முதல் அமர்வு சட்டமும் புள்ளிவிவரமும். மது, போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோயாகவே கருதும் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் பாகுபாடற்ற சிகிச்சையை உரிமையாக்கியிருக்கிறது என்பதும், மதுவைச் சார்ந்துபோனவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாக 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு கூறுகிறது என்பதும் அவசியம் தெரிய வேண்டியவை. ஆங்கில ஸ்லைடுகளை அப்படியே வாசித்ததால் அவை பலருக்குப் பதியவில்லை.

பயிற்சியின் உயிர்நாடி, குடியை விட்டுப் பல ஆண்டுகளான ஒருவர் எங்களிடம் பேசிய பகுதிதான். அவர் கட்டிலில் படுத்திருக்கும்போதே, அவரைப் பார்க்காமல் மனைவியிடம், "எத்தனை வருஷமாக் குடிக்கிறான்?" என்று கேட்டார்களாம். அந்த அவமானத்தால், பின்னர் வேறொரு மருத்துவமனையில் குடலிறக்க அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தபோது, தமக்குக் குடிப்பழக்கமே இல்லை என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் கைநடுக்கமும் வியர்வையும் கண்டு, சுவரில் பூச்சி ஊர்வதாக அவர் பிதற்றத் தொடங்கியதும் கைகால்களைக் கட்டிவிட்டார்கள். பயிற்றுநர் அந்த இடத்தில் குறுக்கிட்டு, குடியை நிறுத்திய பின் பொதுவாக 48 முதல் 96 மணி நேரத்துக்குள் தோன்றும் இந்தக் குழப்பநிலை உயிரையே பறிக்கக்கூடியது என்றும், குடிப்பழக்கம் முன்பே தெரிந்திருந்தால் லோரசிபாம் போன்ற மருந்துகளால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம் என்றும் விளக்கினார். நோயாளி கூச்சமின்றி உண்மையைச் சொல்ல இடம் தருவது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எவரும் உணர்த்தியதில்லை.

அடுத்து, சர்க்கரை நோயைப் பற்றி விசாரிக்கும் அதே குரலில், "கடைசியா எப்போ குடிச்சீங்க, எவ்வளவு குடிச்சீங்க?" என்று நோயாளியிடமே நேராகக் கேட்கும் நடிப்புப் பயிற்சி. முதலில் தயங்கிய மூத்த செவிலியர்களே பிறகு ஆர்வமாக முன்வந்தார்கள்.

குறைகளும் உண்டு. நோயாளியை முதலில் எதிர்கொள்ளும் காவலர்களையும் ஓ.பி. சீட்டு தருபவர்களையும் அழைக்கவே இல்லை. குடும்பத்துக்கும் தெரியாமல் மறைத்துத் தவிக்கும் பெண்களின் அனுபவமும் இடம்பெறவில்லை. பகலில் மட்டும் நடத்தியதால் இரவுப் பணியில் இருந்தவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. மேற்சொன்ன குழப்பநிலை இரவில்தான் தீவிரமாகும் என்பதால், ஏற்பாடு செய்பவர்கள் அவர்களுக்கெனத் தனி அமர்வு ஒன்றைக் கேட்டுப் பெறுவது நல்லது.