வெளிநாட்டில் நீண்ட நாள் தங்க எந்த விசா? ஒவ்வொன்றும் எதைப் பிடித்து நிற்கிறது என்று பார்ப்போம்

ஆறு மாதமோ மூன்று வருடமோ வெளிநாட்டில் தங்கலாம் என்று முடிவு செய்தவர்கள் முதலில் கேட்பது, 'எந்த விசா சீக்கிரம் கிடைக்கும்?' என்பதைத்தான். நியாயமான கேள்விதான். ஆனால் விசா கைக்கு வந்த பிறகு அங்கே வாழப்போகிற நாட்கள் அந்தக் கேள்வியில் வரவே இல்லை. நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. இந்த விசா எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

சுற்றுலா விசா நாள்காட்டியைப் பிடித்து நிற்கிறது. மாணவர் விசாவுக்குக் கல்லூரி, வேலை விசாவுக்கு முதலாளி, டிஜிட்டல் நோமட் விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சம்பளம், ஓய்வுக்கால விசாவுக்கு வங்கி இருப்பு, துணைவர் விசாவுக்குத் திருமணம். பிடி விட்டுப்போனால் விசாவும் போகும். உங்களிடம் இவற்றில் எது உறுதியாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் கீழே ஒப்பிட்டிருக்கிறேன்.

சுற்றுலா விசாவிலேயே சமாளித்துவிடலாமா?

மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடுவீர்கள் என்றால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் சிக்கல் ஆரம்பிக்கும். 29 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதியை எடுத்துக்கொள்வோம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் உள்ளே இருக்கக்கூடாது என்பது விதி. நுழைகிற நாளும் கிளம்புகிற நாளும் இரண்டுமே கணக்கில் சேரும்.

ஒருவர் ஜனவரி 10 அன்று நுழைகிறார் என்று வைப்போம். ஜனவரியில் 22 நாள், பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, ஆக 81. ஏப்ரல் 9 அன்று 90 நிறைந்துவிடும். அன்றே கிளம்பியாக வேண்டும். 'இரண்டு நாள் வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும்' என்று நம்பி ஏப்ரல் 12 அன்று திரும்ப வந்தால், எல்லையில் நிறுத்திவிடுவார்கள். பின்னோக்கி 180 நாளை எண்ணும்போது அந்த 90 நாளும் அப்படியே உள்ளே இருக்கும். ஜனவரி 10 அந்தக் கணக்கிலிருந்து கழன்றுகொள்வது ஜூலை 9 அன்றுதான். அதுவரை எந்த ஷெங்கன் நாட்டுக்குள்ளும் கால் வைக்க முடியாது. எவ்வளவு படித்தவர்களும் தடுக்கி விழுகிற இடம் இது. தாளில் தேதிகளை எழுதி எண்ணிப் பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

அமெரிக்காவில் குழப்பம் வேறு மாதிரி. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் 10 வருடம் என்று இருக்கலாம். அது வாசலுக்கு வந்து நிற்பதற்கான காலம். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை நுழையும்போது அதிகாரி முடிவு செய்வார், பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். அதைத் தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம்.

சுற்றுலா விசாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கலாமா? நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல் இதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. வந்ததன் முக்கிய நோக்கமே அந்த வேலையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பல நாடுகளில் இவ்வளவு தெளிவு இல்லை. சட்டம் எழுதிவைக்காத இடத்தில் பல மாத வாழ்க்கையைப் பணயம் வைக்காதீர்கள்.

நோமட் விசாவா, சொந்தப் பணத்தில் வாழும் விசாவா?

நிறையப் பேர் தவறாகத் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். உள்ளூர் வேலை வேண்டாம், பணம் இருக்கிறது என்று காட்டினால் போதும் என்று தோன்றும்.

ஸ்பெயினில் இரண்டும் இருப்பதால் அங்கே வைத்துப் பார்ப்பது சுலபம். வேலை செய்யாமல் வாழ்வதற்கான விசாவுக்கு, ஐப்ரெம் என்ற அரசு அளவுகோலைப் போல் நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். மாதம் 600 யூரோ என்ற அளவுகோலில் அது வருடத்துக்கு 28,800 யூரோ. கூட வரும் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 7,200 யூரோ. வாடகை, பங்கு ஈவு, பென்ஷன், சேமிப்பு என்று பணம் உட்கார்ந்த இடத்திலிருந்து வந்தால் சரி. ஆனால் இந்த விசாவில் வேலை என்ற பேச்சுக்கே இடமில்லை, வேறு நாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்கும் சேர்த்துத்தான். சம்பளச் சீட்டைக் காட்டி இதற்கு விண்ணப்பித்துவிட்டு, மறுக்கப்பட்ட பிறகு ஏன் என்று புரியாமல் நிற்பவர்கள் உண்டு.

நோமட் விசா அங்கே 2022 டிசம்பரில் நிறைவேறிய ஸ்டார்ட்அப் சட்டத்தோடு வந்தது. இதற்குச் சம்பளச் சீட்டுதான் உயிர். குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இரண்டு மடங்கு வருமானம் வேண்டும். சுயதொழில் செய்பவராக இருந்தால், மொத்த வேலையில் 20 சதவீதத்துக்கு மேல் ஸ்பெயின் வாடிக்கையாளர்களிடமிருந்து வரக்கூடாது. இதில் இன்னொரு அனுகூலம் வரியில் இருக்கிறது. ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருப்பவராகப் போனால், 24 சதவீத ஒரே விகித வரிக்குக் கேட்கலாம். சமூகப் பாதுகாப்பில் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும், விட்டால் போச்சு. வேலை செய்யாத விசாக்காரருக்கு இந்த வாய்ப்பு இல்லை. 183 நாளுக்கு மேல் தங்கினால் உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானத்துக்கும் வழக்கமான வரிப்படிகள்தான். விசா கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்களைக் கடைசியில் அசைத்துப் பார்ப்பது இந்த வரிதான்.

போர்ச்சுகலிலும் இதே பிரிவு உண்டு. உட்கார்ந்த இடத்து வருமானத்துக்கு டி7, தொலைவேலைக்கு டி8. டி8-க்கு அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு மாத வருமானம் காட்ட வேண்டும்.

தாய்லாந்தில் இந்த ஒப்பீடு வயதையும் இழுத்துக்கொண்டு வருகிறது. 50 வயது ஆனவர்களுக்கு ஓய்வுக்கால விசா. தாய் வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். வேலை கூடாது, 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். தொலைவேலை பார்ப்பவர்கள் போன்றோருக்காக 2024 ஜூலையில் வந்த டிடிவி விசாவுக்கு 20 வயது ஆனால் போதும். கையில் 5 லட்சம் பாட் இருப்பதைக் காட்டினால் ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் கிடைக்கும். இளைஞர்களுக்கு இதைவிட இலகுவானதைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் இது நிரந்தரமாக அங்கே தங்குவதற்கான வழி ஆகாது. ஒரு காலண்டர் வருடத்தில் 180 நாள் ஆனால் தாய்லாந்தில் வரிக்கு உட்பட்டவர் ஆகிவிடுவீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நோமட் விசா என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. ஜப்பான் 2024-ல் கொண்டுவந்ததற்கு வருடம் 1 கோடி யென் வருமானம் வேண்டும். கிடைப்பதோ ஆறு மாதம், நீட்டிப்பு இல்லை, குடியிருப்பு அட்டையும் தரமாட்டார்கள். அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கும் வாடகை ஒப்பந்தமும் எவ்வளவு சிரமம் என்பது அங்கே போனபிறகுதான் உறைக்கும். என் கணக்கில் அது நீண்ட விடுமுறைக்கான விசா.

படிக்கப் போவதா, வேலைக்குப் போவதா?

வேலை விசாவின் பலம் எல்லோருக்கும் தெரியும், பலவீனத்தைச் சொல்கிறேன். அமெரிக்க எச்1பி-யில் இருப்பவர் வேலை இழந்தால், அதிகபட்சம் 60 நாளில் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். பிரிட்டனின் திறன்தொழிலாளர் விசாவிலும் வழக்கமாக 60 நாள்தான். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அந்த 60 நாளுக்குள் அடங்க வேண்டும். ஆகவே சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கம்பெனி எவ்வளவு நிலையானது என்று பாருங்கள். அதே ஊரில் ஸ்பான்சர் செய்யக்கூடிய வேறு கம்பெனிகள் இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள்.

மாணவர் விசாவில் செலவு முன்னால் நிற்கும், பாதுகாப்பு பின்னால் வரும். ஜெர்மனியில் மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கலாம். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். 2024 ஜூன் முதல் அங்கே 'வாய்ப்பு அட்டை' என்ற நடுவழியும் உண்டு. புள்ளிகள் சேர்ந்தால் ஒரு வருடம் அங்கேயே இருந்து வேலை தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். தொழில் அனுபவம் இருக்கிறது, இன்னொரு பட்டம் தேவையில்லை என்பவர்கள் மாணவர் விசாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்புரிமைக்கு ஐந்து வருடம் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும். அதில் படிப்புக்காக இருந்த காலம் பாதியாகத்தான் சேரும். மூன்று வருடப் பட்டப்படிப்பு ஒன்றரை வருடம் ஆகிவிடும். அங்கேயே நிலைக்க நினைப்பவருக்கு, நேராக வேலைக்குப் போனவரைவிட ஒன்றரை வருடம் பின்னால் இருக்கிறோம் என்பது முன்பே தெரிந்திருந்தால் நல்லது.

துணைவர் விசாவைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. கூடப் போகிறவருக்கு வேலை பார்க்க உரிமை உண்டா, பிரிய நேர்ந்தால் தனியாக அங்கே இருக்க வழி உண்டா என்ற இரண்டையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வரும் நாட்டுக்குக் குடும்பமாகக் கிளம்புவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. ஒருவரின் வாழ்க்கை முழுக்க இன்னொருவரின் பாஸ்போர்ட் பக்கத்தில் தொங்குவது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டு விசாவுக்கு நடுவில் முடிவெடுக்க முடியாமல் இருந்தால், நாட்டை விட்டு வெளியேறாமலே வேறு விசாவுக்கு மாற முடிகிறதைத்தான் நான் எடுப்பேன். ஜெர்மனியில் படிப்பு முடித்தவர் அங்கேயே வேலை அனுமதிக்கு மாறலாம். ஸ்பெயினுக்குச் சட்டப்படி சுற்றுலா வந்தவர் அங்கிருந்தபடியே நோமட் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், அப்படிச் செய்தால் ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று வருடம் வரை கிடைக்கும். எந்த நாடாக இருந்தாலும் கட்டணம் கட்டுவதற்கு முன் தூதரகத்துக்கு மின்னஞ்சலில் இதைக் கேட்டுவிடுங்கள்: 'இந்த விசாவிலிருந்து உள்ளேயே இருந்து எதற்கெல்லாம் மாறலாம்?' வரும் பதிலை அச்சிட்டு பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.