வாடல் நோய்க்கு ஒரே ஃபேஜா, ஃபேஜ் கலவையா?

கிணத்துக்கடவுப் பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்குத் தெரிந்த காட்சிதான். காலையில் பச்சையாக நின்ற செடி உச்சி வெயிலில் துவண்டுவிடும். தண்டை வெட்டி, டம்ளர் தண்ணீரில் பிடித்தால் பால்போல் இழை இறங்கும். அது ரால்ஸ்டோனியா பாக்டீரியா. அதைத் தாக்கும் வைரஸ்களே ஃபேஜ்கள். நோயைக் கட்டுப்படுத்த இவற்றில் ஒன்றை மட்டும் விடலாம், பலவற்றைக் கலந்தும் விடலாம்.

ஒரே ஃபேஜ் என்றால் வளர்ப்பதும் சோதிப்பதும் சுலபம். ஆனால் அது பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகிறது. அந்த இடம் மரபணு மாற்றத்தால் மாறிவிட்டால் ஃபேஜ் வெளியிலேயே நின்றுவிடும். (அப்படித் தப்பும் பாக்டீரியா பல நேரம் நோய் உண்டாக்கும் வலுவையும் இழக்கிறது; அது நமக்கு ஆறுதல்.)

கலவையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கும், தப்புவது கடினம். அதற்காகக் கிடைத்ததையெல்லாம் கலக்கக் கூடாது. ரால்ஸ்டோனியா ஃபேஜ்களுக்குள் உள்ள வேற்றுமை வியக்க வைக்கிறது: ஆர்எஸ்எல்1 ஃபேஜின் மரபுத்தொகுதி (அதன் மொத்த மரபணுத் தகவல்) சுமார் 2,31,000 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளம், இழை வடிவ ஆர்எஸ்எஸ்1-க்கு ஏறத்தாழ 6,600 காரங்களே. இந்தச் சிறியது பாக்டீரியாவைக் கொல்வதில்லை, அதன் நோய் உண்டாக்கும் வீரியத்தைக் கூட்டவும் செய்கிறது! ஆர்எஸ்எம் வகை இழை ஃபேஜ்களோ வீரியத்தைக் குறைக்கின்றன. உருவத்தில் உறவு, குணத்தில் எதிரெதிர்.

என் ஓட்டு கலவைக்குத்தான், ஆனால் ஒவ்வொரு ஃபேஜின் மரபுத்தொகுதியையும் படித்துச் சேர்த்த கலவைக்கு. நம் தோட்டத்து மண்ணிலிருந்தே பிரித்தெடுத்த ஃபேஜ்கள் அதில் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், எதை விட்டாலும் சாயங்காலம் வேரடியில் விடுங்கள். வெயிலின் புற ஊதாக்கதிர் ஃபேஜைச் செயலிழக்கச் செய்துவிடும்.