68,000 ரூவா போச்சு, சர்வர்ல சாஃப்ட்வேர் போட்டுத் தர்றேன்னு வர்றவங்க கிட்ட உஷாரா இருங்க

வயித்தெரிச்சல்ல எழுதுறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. எங்களுக்கு போடில ஏலக்கா யாவாரம். ஏலத்துல எடுத்து 8 எம்எம், 7 எம்எம்னு சலிச்சு வடக்க அனுப்புறது, மேல வண்டன்மேடு கட்டப்பனை தோட்டக்காரங்களுக்குப் பட்டுவாடா, எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்கணும்னு ஓடூங்குற யாவாரக் கணக்கு சாஃப்ட்வேர எங்க சர்வர்ல போடலாம்னு முடிவு பண்ணுனோம். வேலைக்கு ஆள் பிடிச்சுக் குடுக்குற ஒரு ஆன்லைன் தளம் இருக்கு, அதுல தான் இதப் போட்டுத் தர்றேன்னு இவன் கிடைச்சான்.

பேச்சு அப்படி இருந்துச்சுங்க. பாதி மலையாளம் பாதி தமிழ், நம்ம மலைக்காரங்க பேசுற மாதிரியே. "அண்ணே, கட்டப்பனைல ஒரு ஸ்டோருக்கு நான் தான் போட்டுக் குடுத்தேன்"ங்குறான், பச்சைக்கா எடைக்கும் உலர்ந்த எடைக்கும் தனித்தனி கட்டம் வேணுமான்னு அவனே கேக்குறான். இத்தனை தெரிஞ்சவன நம்பாம யார நம்புறது? ஸ்க்ரீன் ஷேர் போட்டு கருப்பு ஸ்க்ரீன்ல கடகடன்னு டைப் பண்ணுனான், எங்க கடைப் பேரோட லாகின் பக்கம் வந்துச்சு, மச்சான் மொத பில்லப் போட்டாரு, வேலை செஞ்சது. "சைட்ல ரிலீஸ் குடுத்துருங்கண்ணே"ன்னான், குடுத்தோம், தளம் பிடிச்சு வச்சிருந்த காசு அவன் கைக்குப் போச்சு. 68,000. அதுல 18,000 லைசன்ஸ் ஃபீஸாம். அவன் போட்டது ஓடூ கம்யூனிட்டிங்குற இலவச வகை, அதுக்கு லைசன்ஸ் ஃபீஸே கிடையாதுங்க, சும்மா இறக்கிக்கலாம்!

அப்புறம் பாருங்க கூத்த. பில் பிரிண்ட் எடுத்தா மேல கடைப் பேரும் ஜிஎஸ்டி நம்பரும் வரல, கேட்டா "உங்க பிரிண்டர் கோளாறுண்ணே". பில்ல பிடிஎஃப்பா மாத்துற டபிள்யூகேஹெச்டிஎம்எல்டுபிடிஎஃப்ங்குற புரோகிராம் தப்பான வெர்ஷன், அதான் ஹெட்டர் வரலன்னு பின்னாடி தான் தெரிஞ்சது. சர்வர் ஒருதடவ ரீஸ்டார்ட் ஆச்சு, சாஃப்ட்வேர் எந்திரிக்கவே இல்ல, கேட்டா "நெட் ஸ்லோ". ரீஸ்டார்ட் ஆனா தானா எந்திரிக்குற மாதிரி சர்வீஸா போடாம சும்மா கையால ஓட விட்டுட்டுப் போயிருக்கான்.

போன வாரம் காலைல திறந்தா எங்க கடைப் பேரக் காணோம், புதுசா டேட்டாபேஸ் உருவாக்குங்கன்னு ஒரு பக்கம் நிக்குது. சீசன் கணக்கு மொத்தமும் போச்சு, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் குடுத்தோம்ங்குறது உட்பட. தேனில இருந்து தெரிஞ்ச தம்பி ஒருத்தர் வந்து ஓடூவோட செட்டிங் இருக்குற கான்ஃபிக் ஃபைலத் திறந்து காட்டுனாரு. டேட்டாபேஸ உருவாக்க, அழிக்கக் கேக்குற மாஸ்டர் பாஸ்வேர்ட்னு இருக்குற லைன்ல "அட்மின்"னு இருக்கு. ஓடூவுக்குள்ள போற வாசல் மாதிரி இருக்குற 8069 போர்ட் ஊருக்கே திறந்து கிடக்கு. டேட்டாபேஸ் மேனேஜர் பக்கத்துல டெலீட் பட்டன் இருக்கு, உலகத்துல எவன் வேணா போய் அமுக்கலாம், எவனோ அமுக்கிட்டான். பேக்கப் ஒண்ணு கூட எடுத்து வைக்கல.

அவனுக்கு ஃபோன் அடிச்சா மொதல்ல "சேட்டா, யாத்ரையில இருக்கேன்", அப்புறம் "நீங்க தான் ஏதோ அமுக்கிட்டீங்க", இப்ப ஃபோனே எடுக்குறதில்ல. தளத்துக்கு எழுதுனா "நீங்க வேலையை ஏத்துக்கிட்டு பணத்தை விடுவிச்சுட்டீங்க, இனி ஒண்ணும் செய்ய முடியாது"ன்னு எத்தன தடவ கேட்டாலும் அதே பதில ஒட்டி அனுப்புறாங்க. 68,000ங்க, சலிக்க வர்ற பொம்பளையாளுகளுக்குக் கூலி குடுக்க வச்சிருந்த காசு.

விவரமா எழுதணும்னு தான் உக்காந்தேன், தோட்டக்காரங்க ஃபோன் மேல ஃபோன், அதனால அவசரமா சொல்லிடுறேன். சர்வர் அக்கவுண்ட், டொமைன் ரெண்டும் உங்க பேர்ல, உங்க மொபைல் நம்பர்ல இருக்கணும். 8069 வெளிய தெரியக் கூடாது, முன்னாடி காவலுக்கு நிக்குற மாதிரி என்ஜின்எக்ஸ்ங்குற புரோகிராம வச்சு, நடுவுல எவனும் படிக்க முடியாத ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு போடச் சொல்லுங்க, அதுக்கு வேணுங்குற சர்டிஃபிகேட்ட லெட்ஸ் என்க்ரிப்ட்ங்குற அமைப்பு சும்மாவே குடுக்குது, அதுக்குக் காசு கேட்டா ஏமாந்துராதீங்க. மாஸ்டர் பாஸ்வேர்ட மாத்தி, டேட்டாபேஸ் மேனேஜர் பக்கத்த மூடச் சொல்லுங்க. பேக்கப்ப வேற கம்ப்யூட்டர்ல ஏத்திக் காட்டச் சொல்லுங்க. கடைசியா, ரிலீஸ் குடுக்குறதுக்கு முன்னாடி உங்க கண்ணு முன்னாடியே சர்வர ரீபூட் பண்ணச் சொல்லுங்க, மழுப்புனான்னா ஒத்த பைசா விடாதீங்க.