பாறை ஏறும் றிமோட் வண்டிக்கு எந்த ரயர்? திருகோணமலைப் பாறைகளில் ஓர் ஒப்பீடு

பத்தில் ஒரு பங்கு அளவுடைய பாறை ஏறும் றிமோட் வண்டியை வாங்கியவர்கள் முதலில் மாற்ற நினைப்பது ரயரைத்தான். அந்த நினைப்பில் தவறில்லை. மோட்டர் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், நான்கு ரயர்களும் கல்லைத் தொடுகின்ற அந்தச் சிறிய இடத்தின் வழியாகத்தான் அந்த வலு வெளியே வர வேண்டும். ஆனால், எந்த ரயர் நல்லது என்று தேடும்போது நமக்குக் கிடைக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை குளிர் மிகுந்த நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே இறப்பர் குளிரில் இறுகிவிடுவதால், கிடைப்பவற்றுள் மிக மென்மையானதை வாங்கும்படி சொல்கிறார்கள். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில், இறக்கக்கண்டிப் பக்கத்துப் பாறை ஒன்றில் நண்பகல் வேளை கையை வைத்துப் பார்த்தவருக்கு அந்த அறிவுரை ஏன் இங்கே பொருந்தாது என்பது உடனே விளங்கும். நடுத்தர இறப்பர்கூட அந்தச் சூட்டில் போதிய அளவு இளகிவிடுகிறது. ஆகவே இங்கே வெற்றியைத் தீர்மானிப்பது இறப்பரைவிட, அதன் உள்ளே இருக்கும் பஞ்சே என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பிடுவதற்கு மூன்று ரயர்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 வண்டியுடன் வரும் கான்யன் டிரெயில். அதன் உயரம் 4.6 அங்குலம், அதாவது ஏறத்தாழ 117 மில்லிமீற்றர். இரண்டாவது, புரோ-லைன் நிறுவனத்தின் ஹைராக்ஸ், இது 4.73 அங்குலம், ஏறத்தாழ 120 மில்லிமீற்றர் உயரமானது, ஜி8 என்ற மென்மையான இறப்பர்க் கலவையிலும் பிரிடேற்றர் என்ற அதைவிட மென்மையான கலவையிலும் கிடைப்பது. மூன்றாவது, அமெரிக்கப் போட்டிகளின் முதலாம் வகுப்புக்கென்று பல நிறுவனங்கள் செய்யும் 4.19 அங்குல ரயர். ஏறத்தாழ 106 மில்லிமீற்றர். மூன்றும் 1.9 அங்குல றிம்மில்தான் பொருந்துகின்றன.

உயரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரயரின் உயரம் கூடும்போது அச்சுக்கு அடியில் கிடைக்கும் இடைவெளி அந்தக் கூடுதலில் பாதியளவே உயரும். கான்யன் டிரெயிலிலிருந்து ஹைராக்ஸுக்கு மாறுவதால் கிடைப்பது ஒன்றரை மில்லிமீற்றர் மட்டுமே. அதற்காக எவரும் பணம் செலவழிக்க வேண்டாம். 4.19 அங்குல ரயருக்கு இறங்கினால் ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் இழக்கிறோம். மாறாக வண்டி தாழ்ந்து நிற்கும், சரிவில் எளிதில் கவிழாது, பக்கவாட்டுத் தகடுகளில் ரயர் உரசாது. பெரிய கற்களுக்கிடையே வயிறு மாட்டிக்கொள்ளும் இடங்களில் மட்டும் அது தோற்கும்.

கலவை விடயம் சற்றுச் சிக்கலானது. கோணேசர் கோயில் நிற்கும் குன்று உட்பட, இங்குள்ள குன்றுகளில் பல குவாட்சைற்றுப் பாறையால் ஆனவை. (கோயிற்குன்றில் வண்டி ஓட்டும் எண்ணம் எவருக்கும் வரக் கூடாது, அது வழிபாட்டு நிலம்.) இந்தப் பாறை கடினமானது, உடைந்த விளிம்புகள் கூர்மையானவை. மென்மையான இறப்பர் கல்லின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமிழ்ந்து பிடிப்பதால் உலர்ந்த பாறையில் நன்றாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் சக்கரம் ஒரே இடத்தில் சுழலும்போது, மிக மென்மையான கலவையின் கட்டைகள், அதாவது ரயரின் மேற்பரப்பில் புடைத்து நிற்கும் இறப்பர்த் துண்டுகள், இந்தக் கூர்மையில் அடியோடு கிழிகின்றன. ஹைராக்ஸை வாங்குவதென்று முடிவு செய்தவருக்கு நான் ஜி8 கலவையையே பரிந்துரைப்பேன். பிரிடேற்றரின் கூடுதல் மென்மையை நம் வெயில் ஏற்கனவே இலவசமாகத் தந்துவிடுகிறது.

இனிப் பஞ்சுக்கு வருவோம். இந்த ரயர்களுக்குள் காற்று அடைக்கப்படுவதில்லை. வண்டியின் பாரத்தைத் தாங்குவது உள்ளே வளையமாக இருக்கும் பஞ்சுதான். ஒரே பஞ்சு முழுவதும் மென்மையாக இருந்தால், ரயர் ஒரு கல்லின் முனையைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் பக்கச்சரிவில் செல்லும்போது கீழ்ப்பக்கத்து ரயர்கள் மடிந்து வண்டியை உருட்டிவிடும். முழுவதும் இறுக்கமாக இருந்தால் சரிவில் நிற்கும், ஆனால் கல்லைக் கவ்வாமல் அதன் மேல் துள்ளும். இந்த இரண்டுக்கும் விடையாக வந்ததே இரட்டைப் பஞ்சு: உள்ளே நீர் உறிஞ்சாத மூடிய துளைப் பஞ்சு வளையம் பாரத்தைத் தாங்க, வெளியே திறந்த துளைப் பஞ்சு கல்லின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். கான்யன் டிரெயிலுக்குள் நல்ல இரட்டைப் பஞ்சை இட்டு, ஹைராக்ஸை அதனுடன் வந்த பஞ்சோடேயே விட்டு, ஒரே வண்டியில், ஒரே எடையில், ஒரே பாறைச் சரிவில் மாறி மாறி ஓட்டிப் பார்த்தேன். பக்கச்சரிவில் பழைய ரயரே முந்தியது. நேர் ஏற்றத்தில் ஹைராக்ஸ் சற்று முன்னே நின்றது, ஆயினும் இரண்டின் விலை வித்தியாசத்தை அந்தச் சற்று நியாயப்படுத்தவில்லை.

இரட்டைப் பஞ்சை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையும் தபாற் செலவும் கூடும். உள்வளையத்தை யோகாப் பாயிலிருந்து வெட்டலாம். அது பெரும்பாலும் மூடிய துளைப் பஞ்சு. வெளிவளையத்துக்கு மெத்தைப் பஞ்சு போதும். வெளிவளையத்தின் அகலத்தை ரயரின் உள்ளகலத்தைவிட இரு புறமும் சில மில்லிமீற்றர் குறைத்து வெட்டினால், பக்கச்சுவர் மடிவதற்கு இடம் கிடைக்கும். ஏற்றத்தில் பாரம் பின்னே சரிவதால் பின்சக்கரங்களின் உள்வளையத்தைத் தடிப்பாகவும், முன்சக்கரங்களில் மெல்லியதாகவும் வைப்பது எனக்கு ஒத்துவந்தது.

மாரியில் கதை மாறுகிறது. ஐப்பசி பிறந்ததும் பாறைகளில் பாசி ஏறி வழுக்கத் தொடங்கும், குட்டைகளில் நீர் நிற்கும். திறந்த துளைப் பஞ்சு நீரைக் குடித்துவிட்டால் சக்கரங்கள் சமமற்ற எடையோடு ஆடும். றிம்மில் துளை இருந்தால் காற்று போய்வரும், நீர் வெளியேறாது. ரயரின் நடுப்பூவில், அதாவது தரையைத் தொடும் பரப்பின் நடுவில், எதிரெதிராக மூன்று மில்லிமீற்றர் துளைகள் இரண்டு இட்டால், சுழற்சியில் நீர் வெளியே வீசப்படும். அதே துளை உப்புவெளி மணலில் மணலை உள்ளே இழுக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. கடற்கரையில் ஓட்டுபவர் ஒவ்வொரு முறையும் ரயரைக் கழற்றி நன்னீரில் கழுவ வேண்டியிருக்கும்.

கழற்ற வேண்டுமென்றால் ரயர் பசையால் ஒட்டப்பட்டிருக்கக் கூடாது. ஒட்டிய ரயரைக் கொதிநீரில் அமிழ்த்தி வைத்தால் சுப்பர் குளூ வலுவிழந்து விட்டுவிடும். அசற்றோனும் கரைக்கும், ஆனால் சில பிளாஸ்ரிக் றிம்களையும் சேர்த்துக் கரைக்கும். பின்னர் ரயரின் விளிம்பை வளையங்களால் இறுக்கிப் பிடிக்கும் பீட்லொக் றிம்முக்கு மாறிவிடுவதே நல்லது. அலுமினிய றிம்மில் உருக்குத் திருகாணிகளை இடுவோர் கிறீஸ் பூசாமல் முடுக்க வேண்டாம்; உப்புக்காற்றில் அவை இறுகிப்போகும்.

கத்தியை எடுப்பது கடைசி வேலை. வெட்டிய கட்டை மீண்டும் வளராது. அகலமான நடுக்கட்டைகளில் குறுக்கே, பாதி ஆழத்துக்கு மேற்படாமல், கட்டர் பிளேட்டால் மெல்லிய கீறல்கள் இடுவது கான்யன் டிரெயிலுக்கு உண்மையிலேயே நன்மை செய்கிறது. ஈரப்பாறையில் ஒவ்வொரு கீறலும் தனி விளிம்பாக நின்று பிடிக்கிறது. சவர்க்கார நீரில் நனைத்துக் கீறினால் கத்தி இழுபடாது. ஹைராக்ஸின் கட்டைகள் ஏற்கனவே பிரிந்து நிற்பதால் அதைக் கீறுவது வீண். 4.19 அங்குல ரயர்களில் சேற்றுக்காகச் சிலர் ஒன்றுவிட்டொரு கட்டையை அறுத்தெடுக்கிறார்கள். எஞ்சிய கட்டைகள் நம் பாறையில் விரைவில் கிழியும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

எடையையும் ரயரோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முன்சக்கரங்களுக்குள் எடை சேர்த்தால் வண்டியின் பாரம் தாழ்வாகவும் முன்னோக்கியும் அமையும். முன்னே அறுபது வீதம், பின்னே நாற்பது வீதம் என்பது பலரும் நாடும் பங்கீடு. பித்தளை வளையங்களுக்குப் பதிலாக, மீன்வலைக் கடையில் விற்கும் ஈயக்குண்டுகளைத் தட்டையாக்கி றிம்மைச் சுற்றி ஒட்டி, மேலே நாடா சுற்றிவிடலாம். ஈயம் நஞ்சு என்பதால் வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுங்கள், சிறுவர்களை அதைத் தொட விடாதீர்கள். எடையைக் கூட்டிய பின், முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டரான சேவோ திணறினால் எடையைக் குறைக்க வேண்டும், அல்லது வலுவான சேவோவை இட வேண்டும்.

ஒரே சோடி ரயருக்குத்தான் பணம் உண்டு என்பவர் கையிலுள்ள கான்யன் டிரெயிலையே வைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் பீட்லொக் றிம்மும் பஞ்சும் வாங்கட்டும். அது தேய்ந்து பூ மழுங்கிய பிறகு ஜி8 ஹைராக்ஸை அதே பஞ்சோடு மாட்டலாம். 4.19 அங்குல ரயர், கன்னியாப் பக்கத்துச் சிறுகற்களிலும் ஒடுங்கிய பாதைகளிலும் ஓட்டுபவருக்கு உரியது. என் இரண்டாவது வண்டியில் அதுதான் இருக்கிறது, இந்த மாரிக்கு அதன் நடுப்பூவிலும் இரண்டு துளைகள் இட்டிருக்கிறேன்.